லிஸ்பனில் பேச்சுப் போர்த்துகீசியம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒரு சிறிய உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்த பெரிய வாணலி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையல்காரர் போகிற போக்கில் "தெய்ஷ ஷ்தார்" என்றார். இன்னும் நன்றாகத் தேய்க்கச் சொல்கிறார் என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். திரும்பி வந்தவர் அதையே மறுபடி சொன்னார். நான் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். மூன்றாம் முறை வாணலியை என் கையிலிருந்து வாங்கித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது "விடு, இருக்கட்டும்" என்பதுதான்.

ஊரில் இருந்தபோதே ஐந்து மாதம் செயலியிலும் புத்தகத்திலும் படித்துவிட்டு வந்தவன் நான். முழு வாக்கியமாகத் தண்ணீர் கேட்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும். ஆனால் என்னைச் சுற்றியிருந்த யாரும் அந்த மொழியைப் பேசவில்லை. அதைச் சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். போர்த்துகீசியச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் கொடுத்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பாருங்கள்.

1. வந்த வாரமே இலவச வகுப்பில் பெயர் கொடுங்கள்

பேச்சு மொழியைத் தெருவில்தான் கற்க வேண்டும். ஆனால் அடிப்படை இலக்கணம் இல்லாவிட்டால் தெருவில் கேட்பது எதுவும் மனதில் ஒட்டாது. வகுப்புக்குக் காத்திருக்கும் காலம் நீளமானது என்பதால் இதை முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

போர்ச்சுகல் அரசு, புலம்பெயர்ந்து வந்தவர்களுக்காக பி.எல்.ஏ. என்ற வகுப்பை நடத்துகிறது. 2020இல் வந்த அரசாணையின்படி நடக்கும் இந்த வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. அரசின் தொழிற்பயிற்சி மையங்களிலும் சில அரசுப் பள்ளிகளிலும் நடக்கிறது. ஐரோப்பிய மொழித்தர அளவில் முதல் இரண்டு படிகளான ஏ1, ஏ2 இரண்டு நிலைகளும் சேர்த்து 150 மணி நேரம். வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்றால் 25 வாரம். விடுமுறைகளையும் சேர்த்தால் ஏழு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை அல்லது அதற்கு விண்ணப்பித்ததற்கான சான்று, நிஃப் எனப்படும் ஒன்பது இலக்க வரி எண், சமூகப் பாதுகாப்பு எண்ணான நிஸ் கிடைத்திருந்தால் அது, கைபேசி எண், மின்னஞ்சல். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, கைபேசியிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். அலுவலகத்துக்குப் போய் "வகுப்பு எப்போது" என்று விசாரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். விசாரித்தால் மட்டும் பட்டியலில் பெயர் ஏறாது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள். போதுமான ஆள் சேர்ந்த பிறகுதான் வகுப்பு தொடங்கும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுப்பது நல்லது. பள்ளிகளில் நடப்பவை பெரும்பாலும் கல்வியாண்டோடு தொடங்குகின்றன. ஜூலையிலேயே கேட்டு வைக்காதவர்கள் அடுத்த வருடம்வரை காத்திருக்க நேரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். குடியேற்றத் துறையின் இலவச இணையப் பாடத்தளம் ஒன்று இருக்கிறது. "ப்ளதஃபோர்ம த போர்த்துகேஸ் ஒன்லைன்" என்று தேடினால் கிடைக்கும். தனியார் பள்ளிகள் ஒரு நிலைக்கே சில நூறு யூரோ கேட்கும். கையில் பணம் இருந்தாலும் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. எது நமக்குப் புரியவில்லை என்பதே அப்போது தெரியாது.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "அப்பலீது". போர்ச்சுகலில் அது குடும்பப் பெயர். பிரேசிலில் அதே சொல் பட்டப்பெயரைக் குறிக்கும். பிரேசில் நண்பர் ஒருவர் படிவம் நிரப்ப உதவினால் இந்த வரியில் மட்டும் குழப்பம் வரலாம். தமிழ்ப் பெயர்களுக்கு முன்னெழுத்துச் சிக்கல் வேறு இருக்கிறது. கடவுச்சீட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். ஓர் இடத்தில் முன்னெழுத்தை விரித்தும் இன்னோர் இடத்தில் சுருக்கியும் எழுதினால், பின்னால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். "முராத" என்றால் முகவரி, "நத்துரலிதாத்" என்றால் பிறந்த ஊர், "ஃபிலியசாவ்ன்" என்றால் பெற்றோர் பெயர். இந்த நான்கும் தெரிந்தால் பாதிப் படிவம் முடிந்தது.

2. எந்தப் போர்த்துகீசியம் என்று பாருங்கள்

கைபேசிச் செயலிகள் பலவும் கற்றுக்கொடுப்பது பிரேசில் வழக்கு. அதில் தவறொன்றும் இல்லை, இங்கே எல்லோருக்கும் அது புரியும். ஆனால் அதைப் பழகிய காதுக்கு லிஸ்பன் பேச்சு விளங்காது. நான் ஐந்து மாதம் செலவழித்தது இதில்தான். செயலியில் சேருமுன் மொழிப் பட்டியலில் பிரேசில் கொடி இருக்கிறதா, போர்ச்சுகல் கொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றாடச் சொற்களே வேறு. பேருந்து இங்கே "ஔதுகாரு", பிரேசிலில் "ஓனிபுஸ்". ரயில் இங்கே "கொம்போயு", அங்கே "த்ரேங்". கைபேசி இங்கே "தெலெமோவெல்", அங்கே "செலுலார்". கழிவறை இங்கே "காஸ த பாஞு", அங்கே "பன்யேய்ரு". இவற்றில் மாற்றிச் சொன்னாலும் பாதகமில்லை.

வேறு சில சொற்களில் மரியாதையே போய்விடும். "ரப்பரீக" இங்கே இளம்பெண்ணைக் குறிக்கும் சாதாரணச் சொல், பிரேசில் பெண்ணிடம் சொன்னால் வசை. "பூது" இங்கே பொடியன், அங்கே ஆபாசம். "ப்ருப்பீன" இங்கே கல்லூரிக் கட்டணம், அங்கே லஞ்சம். லிஸ்பனில் உங்களோடு வேலை செய்பவர்களில் பிரேசில்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் இரண்டு பக்கப் பொருளும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நல்ல துணை ப்ரிபெராம் என்ற இலவச இணைய அகராதி. சொல்லின் பொருளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் குறிப்பு இருக்கும். "இன்ஃபுர்மால்" என்றிருந்தால் நண்பர்களிடம் பேசலாம். "கலாவ்ன்" என்றிருந்தால் கேட்டுக்கொள்ளலாம், வாயில் எடுக்க வேண்டாம். "ப்ரஸீல்" என்றிருந்தால் அந்தப் பொருள் பிரேசில் வழக்கு. புதுச் சொல் எதைக் கேட்டாலும் இந்தக் குறிப்பைப் பார்க்காமல் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. வாய்க்கு முன்னால் காது

லிஸ்பன்காரர்கள் அழுத்தம் விழாத உயிரெழுத்துகளை விழுங்கிவிடுகிறார்கள். "எஸ்தா" என்று எழுதியிருப்பதை "ஷ்தா" என்பார்கள், அவசரத்தில் "தா" மட்டும்தான் வரும். "தயவுசெய்து" என்பதற்குப் புத்தகத்தில் மூன்று அசை, நான்கு அசை இருக்கும். கடையில் கேட்பது "ஃபாஷவோர்". சொல்லின் கடைசி "ஸ்" எல்லாம் "ஷ்" ஆகிவிடும், கடைசி "ஓ" எல்லாம் "உ" ஆகிவிடும்.

நான் செய்தது இது. ஆர்.டி.பி. அரசுத் தொலைக்காட்சியின் செயலி இலவசம். அதில் சாதாரண மக்கள் வந்து பேசும் மாலை நேரப் பரிசுப் போட்டி நிகழ்ச்சியில் பத்து நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேட்பேன். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். மூன்றாம் முறை அதைச் சரிபார்ப்பேன். செய்தி வாசிப்பவரின் தெளிவான பேச்சைக் கேட்டுப் பழகினால் கடைக்காரர் பேசுவது விளங்காது. அதனால் செய்தியைத் தவிருங்கள். எனக்கு இரண்டரை மாதம் கழித்துத்தான் சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கின. அதுவரை இரைச்சலாகத்தான் இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு கைமுதல் உண்டு. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, பொத்தான், அன்னாசி, வராந்தா எல்லாம் போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்தவை. இங்கே "ஜனேல", "ஷாவ்", "மேஸ", "அர்மாரியு" என்று கேட்கும்போது உடனே அடையாளம் தெரியும். இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் அதிகம்: கதிரை, சப்பாத்து, பாண், குசினி, லேஞ்சி, தாச்சி. சமையற்கட்டில் சமையல்காரர் "தாஷு" கேட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சக ஊழியர் யாரும் சொல்லித்தராமலே தாச்சியை எடுத்துக் கொடுத்தார். வந்த முதல் நாளே இந்தச் சொற்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். புது மொழி என்ற பயம் கொஞ்சம் குறையும்.

4. அகராதியில் பொருள் பிடிபடாத சின்னச் சொற்கள்

எனக்கு நூறு பெயர்ச்சொற்களைவிட இந்த ஏழெட்டுச் சொற்கள் அதிகம் உதவின. இவை இல்லாமல் பேசினால் எவ்வளவு சரியாகப் பேசினாலும் படிவத்தை வாசிப்பதுபோல இருக்கும்.

"பொய்ஷ்". இது உம் கொட்டுவது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது இடையிடையே "பொய்ஷ்... பொய்ஷ்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இழுத்துச் சொன்னால் "அதானே", வெட்டிச் சொன்னால் "ஆமா ஆமா". இன்னொன்று: யாராவது உங்களிடம் "பொய்ஷ்" என்றால் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதில் உறுதி கிடையாது. வீட்டு உரிமையாளரிடம் வாடகை பற்றிப் பேசும்போது இது முக்கியம்.

"பா". நம் "வாப்பா, சொல்லுப்பா" என்பதில் வரும் பா போலவே வேலை செய்யும். "தாவ்ன், பா?" என்றால் "என்னப்பா?". சமவயது ஆட்களிடம் மட்டும்.

"தாவ்ன்" என்பது "என்தாவ்ன்" என்பதன் சுருக்கம். வணக்கத்துக்குப் பதில், "அப்புறம்?", "அப்படின்னா", "என்ன இது!" எல்லாவற்றுக்கும் வரும். "ப்ரோந்து" என்றால் "சரி, அவ்வளவுதான்". பேச்சை முடிக்க இதைச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் கிளம்பிவிடலாம். "ஓல்ய" என்பது "இந்தா பார்", பெரியவரிடம் "ஓல்ய்". "ஸ கல்யார்" என்றால் "ஒருவேளை". புத்தகத்தில் இருக்கும் "தல்வேஸ்" என்ற சொல்லைப் பேச்சில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். "ஜா அகோர" என்றால் "அதோட இதையும் கேட்டுடறேன்".

வேலையிடத்தில்: "திஷ்பாஷ த" என்றால் சீக்கிரம். "அந்த கா" என்றால் இங்கே வா. "லொய்ஸ" என்றால் பாத்திரம். "ஜா வாய்" என்றால் இதோ வருகிறது. "திஸன்ரஷ்க த" என்றால் "எப்படியாவது சமாளிச்சுக்கோ". இந்தக் கடைசிச் சொல்லை இங்கே பெருமையாகவே சொல்வார்கள். கோபத்தில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. யாரிடம் நீ, யாரிடம் நீங்கள்

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறும் இடம் இது. தமிழர்களுக்கு எளிது, ஒரே ஒரு பொறியைத் தவிர. "து" என்றால் நீ. "வொசே" என்றால் நீங்கள் என்று பல பாடங்களில் போட்டிருக்கும். பிரேசிலில் அது சாதாரணம். போர்ச்சுகலில் முகத்துக்கு நேரே "வொசே" என்றால் பலருக்கு முரட்டுத்தனமாகப் படும். அதற்குப் பதில் நீ, நீங்கள் என்ற சொல்லே இல்லாமல் படர்க்கை வினையை மட்டும் சொல்லுங்கள். அல்லது பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "மரியா அக்கா காபி குடிக்கிறாங்களா?" என்று மரியாவிடமே கேட்பதுபோல. வயதான பெண்ணானால் பெயருக்கு முன் "தோன", ஆணானால் "ஸிஞோர்". மருத்துவர், வழக்கறிஞர், பட்டதாரி அதிகாரிகள் பலருக்கும் "ஸிஞோர் தொதோர்".

அவர்களாகவே "என்னை து என்று சொல்" என்கிறவரை நீங்களாக அதற்கு இறங்காதீர்கள். வேலையிடத்தில் இளைஞர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அலுவலகத்தில் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள்.

6. கடை, கவுண்ட்டர், தொலைபேசி

தினமும் ஒரு காபி, ஒரே கடையில், ஒரே நேரத்தில். இதைவிட மலிவான வகுப்பு லிஸ்பனில் இல்லை. "பீக்க" என்று கேட்டால் சின்னக் கோப்பைக் கடுங்காபி, ஒரு யூரோவை ஒட்டி இருக்கும். நின்றுகொண்டு கவுண்ட்டரில் குடியுங்கள். வெளியே மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும், பேச்சும் காதில் விழாது. பால் வேண்டுமானால் "கலாவ்ன்" (அகராதிக் குறிப்பில் பார்த்த சொல் அல்ல, இது வேறு), அது கண்ணாடிக் குவளையில் வரும். மூன்றாம் வாரம் கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் எதையாவது கேட்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

உணவகத்தில் நீங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் மேசைக்கு வரும். தொட்டால் காசு. வேண்டாமென்றால் "போத் லெவார், ஃபாஷவோர்", அதாவது "எடுத்துட்டுப் போகலாம்".

கடையில் பணம் கட்டும்போது "கொன்த்ரிபுயின்த்?" என்பார்கள். ரசீதில் உங்கள் நிஃப் எண்ணைப் போடவா என்று கேட்கிறார்கள். அந்த ஒன்பது இலக்கங்களையும் போர்த்துகீசியத்தில் தடையில்லாமல் சொல்லப் பழகுங்கள். பத்து தடவை கடையில் சொன்னால் எண்கள் முழுக்க வசமாகிவிடும். "சாக்கு?" என்றால் பை வேண்டுமா என்ற கேள்வி. அலுவலகத்தில் "செஞ" என்றால் வரிசைச் சீட்டு. உள்ளே போனதும் முதலில் அதை எடுங்கள்.

தொலைபேசியை எடுத்ததும் "தோ?" என்பார்கள். "இருக்கிறேன்?" என்று நேர்ப்பொருள், நம் "அலோ". புரியாவிட்டால் "நாவ்ன் பெர்ஸபீ, மாய்ஷ் த்வகார், ஃபாஷவோர்", அதாவது "புரியலை, கொஞ்சம் மெதுவா". இதைச் சொன்னதும் பலர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். நீங்கள் போர்த்துகீசியத்திலேயே தொடருங்கள். பெரும்பாலும் அவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள்.

7. கிழமையும் நாள்கணக்கும்

இதில் ஒரு முக்கியமான சந்திப்பை இழந்தேன். திங்கள்கிழமைக்கு இங்கே "இரண்டாவது" என்று பெயர். செவ்வாய் மூன்றாவது, புதன் நான்காவது, வியாழன் ஐந்தாவது, வெள்ளி ஆறாவது. சீட்டில் 4 என்று எண் போட்டிருந்ததைப் பார்த்து, திங்களிலிருந்து எண்ணி வியாழக்கிழமை போய் நின்றேன். சந்திப்பு முந்தைய நாளே முடிந்திருந்தது. அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரம். ஞாயிற்றை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

"எட்டு நாளில் வா" என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. நாம் "இன்னைக்கு எட்டாம் நாள்" என்று சொல்கிற அதே கணக்கு. "பதினைந்து நாள்" என்றால் சரியாக இரண்டு வாரம். "அதே ஜா" என்று விடைபெற்றால் சில நிமிடங்களில் திரும்புவார்கள். "அதே லோகு" என்றால் இன்றைக்குள் எப்போதாவது பார்ப்போம் என்று பொருள்.

8. ஆங்கிலத்தை நம்பி ஏமாறும் சொற்கள்

கதவில் "பூஷ்" என்ற ஒலியோடு எழுதியிருந்தால் இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. "லிவ்ரரீய" புத்தகக் கடை. நூலகம் "பிப்லியுதேக்க". "ப்ரெதெந்தேர்" என்றால் நடிப்பதல்ல, விரும்புவது, உத்தேசிப்பது. அலுவலகத்தில் அடிக்கடி கேட்பார்கள். "ப்ரெசர்வத்தீவு" ஆணுறை. உணவில் சேர்க்கும் பதப்படுத்திகளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் "கொன்சர்வாந்த்" என்ற சொல் இருக்கிறது.

மருந்துக் கடையில் "கொன்ஷ்திபாது" என்று கேட்டால் சளி பிடித்திருக்கிறதா என்று பொருள். மூக்கு ஒழுக நின்றுகொண்டு நான் மூன்று முறை இல்லை இல்லை என்றேன், மலச்சிக்கலைக் கேட்கிறார்கள் என்று நினைத்து. அதற்கு இங்கே "ப்ரிஸாவ்ன் த வேன்த்ர்" என்பார்கள். இந்த இரண்டையும் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறான மாத்திரை வாங்கிவிடக் கூடாது.

9. இளைஞர் பேச்சும் வசைச் சொற்களும்

"ஃபீஷ்" என்றால் அருமை. "ஜீரு" என்றால் அழகு. "புவே" என்றால் ரொம்ப, அங்கோலாவிலிருந்து வந்த சொல். "மால்த்த" என்றால் நம்ம பசங்க. "போர" என்றால் கிளம்பலாம். "க சேக்க" என்றால் செம அலுப்பு. நாற்பது வயதுக்கு மேல் இருந்தால் "புவே" வேண்டாம், மற்றவை எல்லோர் வாயிலும் வரும்.

சமையற்கட்டிலும் கட்டட வேலையிலும் வசைச் சொற்கள் நிறுத்தற்குறி மாதிரி விழும். உங்களைத் திட்டுகிறார்களா, வெறும் பழக்கமா என்று பிரித்தறியும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பிச் சொல்லாதீர்கள். எந்தச் சொல் எவ்வளவு கனம் என்பது பிற மொழிக்காரர் காதுக்குப் பல வருடம் பிடிபடாது. ஆத்திரம் வந்தால் "ஃபோகு" போதும். நெருப்பு என்று பொருள், யாருக்கும் புண்படாது.

10. சான்றிதழ்

நிரந்தரக் குடியிருப்புக்குப் போர்த்துகீசியம் தெரியும் என்று காட்ட வேண்டும். பி.எல்.ஏ. வகுப்பை ஏ2 நிலையில் முடித்த சான்றிதழே அதற்குப் போதும். வகுப்பு கிடைக்காதவர்கள் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்ளே மையம் நடத்தும் சிப்ளே தேர்வை எழுதலாம். வாசிப்பும் எழுத்தும் 45 சதவீதம், கேட்டுப் புரிதல் 30, பேச்சு 25. தேர்ச்சிக்கு 55 வேண்டும். மொத்தம் இரண்டு மணி நேரம். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு திறக்கும் தேதியை மூன்று மாதம் முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். முடிவு வரவும் காலம் எடுக்கும், அட்டை புதுப்பிக்கும் தேதிக்கு நெருக்கமாகத் தேர்வை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வு அறையில் "பா", "புவே", "ஃபீஷ்" மூன்றையும் வெளியே விட்டுவிட்டுப் போங்கள். பேச்சுத் தேர்வில் உங்களோடு இன்னொரு தேர்வரும் இருப்பார். அவர் பேசும்போது தலையாட்டி "பொய்ஷ்" சொல்லலாம்.